பழைய பொருளை இணைய ஏலத்தில் விற்கும்போது மோசடி வாங்குபவரைக் கண்டறிதல்: அறிகுறிவாரியான வழிமுறை

ஏலம் என்ற ஒரே சொல் காயையும் குறித்து, கூவி விலை கேட்டு விற்கும் முறையையும் குறிக்கும் மலையோரப் பகுதியிலிருந்து இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் என்று கீழேயும், கேரளத்தில் குமுளி, வண்டன்மேடு என்று மேலேயும் பிரிந்து வாழும் எங்கள் குடும்பங்களில், மருந்தடிக்கும் இயந்திரம், தையல் இயந்திரம், கைப்பேசி, இருசக்கர வண்டி என்று பழகிய பொருள்களை இணையத்தில் ஏலத்துக்கு வைப்பது இன்று வழக்கமாகிவிட்டது. விற்பவருக்கு என்ன ஆபத்து, பணம் கொடுப்பவர் அல்லவா கவலைப்பட வேண்டும் என்ற எண்ணமே இந்த மோசடிகளுக்கு வாசல் திறந்துவிடுகிறது.

கீழே ஒவ்வொரு அறிகுறியையும் அது தோன்றும் வடிவத்திலேயே தலைப்பாகக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு நேர்வது எதுவோ அந்த இடத்துக்கு நேராகச் செல்லலாம். எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பேச்சை நிறுத்திவிட்டு, உங்கள் கணக்கில் இருப்பு எவ்வளவு என்பதை நீங்களே திறந்து பாருங்கள். பணம் உங்களுக்கு வர வேண்டுமானால் நீங்கள் எதையும் அழுத்தவோ, வருடவோ, தட்டச்சு செய்யவோ தேவையில்லை.

அறிகுறி: பொருளைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல், விலையும் பேசாமல் உடனே ஒப்புக்கொள்கிறார்

மருந்தடிக்கும் பழைய பவர் ஸ்பிரேயரை வாங்க உண்மையில் விரும்புபவர், எத்தனை வருடம் ஓடியது, பிஸ்டனில் கசிவு உண்டா, குழாய் எத்தனை அடி, கடைசியாக எப்போது பழுது பார்த்தீர்கள் என்று உங்களைத் துளைத்தெடுத்துவிடுவார். பிறகு சொன்ன விலையில் கால் பங்கைக் குறைக்கவும் பார்ப்பார். அந்தத் தொல்லைதான் அவர் நேர்மையானவர் என்பதற்கு நல்ல அடையாளம். அறிவிப்பு வெளியான பத்தாவது நிமிடத்தில் அழைத்து, ‘பொருள் பிடித்திருக்கிறது, பணத்தை எப்படி அனுப்புவது’ என்று நேராகக் கணக்குக்கு வருபவருக்குத் தேவை உங்கள் பொருள் அன்று.

சோதித்துப் பார்க்கும் வழி எளிது. அறிவிப்பில் எழுதியிருக்கும் ஒரு குறையை அவரிடம் கேளுங்கள். படித்திருக்கிறாரா என்பது தெரிந்துவிடும். அடுத்து, நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள். கட்டப்பனையில் இருப்பதாகச் சொல்பவருக்குக் கம்பம் அடுத்த மாநிலமாக இருக்கலாம், ஆனால் பேருந்தில் ஏறினால் வந்து சேரும் தூரம்தான். அவரால் வர முடியாவிட்டாலும், ஏலக்காய்த் தோட்டத்துக்குத் தினமும் ஜீப்பில் போய்வரும் யாரையாவது அனுப்ப அவருக்கு வழியிருக்கும். ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு, அந்த ஊரில் எந்த இடம் என்று கேட்டால் மழுப்புபவரோடு மேலே பேச வேண்டியதில்லை. அழைப்பவரின் எண்ணோ, அழைப்பாளர் பெயரைக் காட்டும் செயலியில் தெரியும் பெயரோ அவர் இருக்கும் இடத்துக்கோ அடையாளத்துக்கோ சான்றாகாது.

அறிகுறி: ‘ராணுவத்தில் இருக்கிறேன், வர இயலாது, கியூஆர் கோடு அனுப்புகிறேன், அதை ஸ்கேன் செய்தால் பணம் வந்துவிடும்’

இதில்தான் எங்கள் வீடு ஏமாந்தது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். என் அக்கா தன் பழைய தையல் இயந்திரத்தை 8,500 ரூபாய்க்கு அறிவித்திருந்தார். கொச்சியில் கடற்படையில் பணியாற்றுவதாகச் சொன்ன ஒருவர், சீருடைப் படமும் அடையாள அட்டைப் படமும் அனுப்பி, குடியிருப்புக்குத் தேவைப்படுகிறது என்றும் வண்டி வந்து எடுத்துக்கொள்ளும் என்றும் சொன்னார். முதலில் 5 ரூபாய் அனுப்பிப் பாருங்கள், 10 ரூபாயாகத் திரும்பி வரும் என்றார், வந்தது. அடுத்து அனுப்பிய கியூஆர் கோடை ஸ்கேன் செய்தபோது 8,500 என்று திரையில் தோன்றியது, அக்கா பின் எண்ணை இட்டார், பணம் போயிற்று. ‘ஏன்க்கா பின் நம்பர் போட்டீங்க?’ என்று கேட்டேன். ‘பணம் வாங்கத்தான் போடணும்னு சொன்னான் தம்பி’ என்றார். ‘தவறாகிவிட்டது, இன்னொரு முறை போட்டால் இரண்டும் சேர்ந்து திரும்பிவிடும்’ என்று அவன் சொன்னதை நம்பி இரண்டாம் முறையும் இட்டிருந்தார்.

இங்கே நடந்ததைப் பிரித்துப் பார்த்தால் மூன்று படிகள் தெரியும். முதற்படி, மரியாதை. ராணுவத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகள் உள்ள ஊர்களில் சீருடையைக் கண்டால் கேள்வி கேட்க மனம் வராது. அந்த மனத்தைத்தான் அவன் பயன்படுத்திக்கொள்கிறான். அவன் அனுப்பும் அட்டை பெரும்பாலும் முன்பு வேறொருவரிடமிருந்து வாங்கிய அட்டையின் படமாகவே இருக்கும். உங்கள் ஆதார் நகலை அவனிடம் கொடுத்தால் அடுத்த வீட்டில் அது உங்கள் பெயரில் உலவும். இரண்டாம் படி, சிறு தொகை. 5 ரூபாய் 10 ரூபாயாக வந்தபோது, ‘ஸ்கேன் செய்தால் பணம் வரும்’ என்ற பொய் அனுபவமாகவே பதிந்துவிடுகிறது. மூன்றாம் படி, அவசரம். நிறுத்தாமல் பேசிக்கொண்டே இருப்பதால், திரையில் ‘செலுத்துக’ என்று எழுதியிருப்பதை வாசிக்க நேரம் கிடைப்பதில்லை.

யுபிஐ முறையில் பின் எண் என்பது உங்கள் கணக்கிலிருந்து பணத்தை வெளியே அனுப்ப நீங்கள் போடும் கையெழுத்து. பணம் பெற அது ஒருபோதும் கேட்கப்படுவதில்லை. கடைக்காரர் தன் கியூஆர் கோடை மாட்டி வைத்திருக்கிறார், நாம் ஸ்கேன் செய்கிறோம், பணம் அவருக்குப் போகிறது. ஸ்கேன் செய்பவரே கொடுப்பவர் என்பதைத் தினமும் டீக்கடையில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆகவே விற்பவரை யாராவது ஸ்கேன் செய்யச் சொன்னால் அங்கே வேறு ஆராய்ச்சி வேண்டாம், அழைப்பைத் துண்டிக்கலாம். தனிநபர்கள் ஒருவருக்கொருவர் பணம் கேட்டு அனுப்பும் கோரிக்கை வசதியை, யுபிஐ முறையை நடத்தும் தேசியக் கொடுப்பனவுக் கழகம் 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. அதனால் ஒரு வழி அடைபட்டதே தவிர, கியூஆர் கோடு வழியாக ஏமாற்றுவது நிற்கவில்லை.

அறிகுறி: ‘பணம் அனுப்பியாகிவிட்டது, ஸ்கிரீன்ஷாட்டைப் பாருங்கள்’ என்கிறார், கணக்கில் வரவில்லை

பணம் செலுத்தும் செயலிகளின் திரையைப் போலவே பச்சை நிற அடையாளத்தோடு தோன்றும் போலிச் செயலிகள் இருக்கின்றன. உங்கள் பெயரையும் தொகையையும் இட்டால் அசலைப் போன்ற படம் வந்துவிடும். எனவே அவருடைய கைப்பேசியில் தெரிவது எதுவும், அவர் உங்கள் முன்னாலேயே நின்று அழுத்தியிருந்தாலும், சான்று அன்று. குறுஞ்செய்தி வந்திருந்தால் யாரிடமிருந்து வந்தது என்று பாருங்கள். வங்கியின் வரவுச் செய்தி எழுத்துகளால் ஆன அனுப்புநர் பெயரிலிருந்து வருமே தவிர, 10 இலக்கக் கைப்பேசி எண்ணிலிருந்து வராது.

‘வங்கிச் சர்வர் சரியில்லை, திங்கட்கிழமை வந்துவிடும்’ என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானம். அதைச் சரிபார்க்கச் சில விவரங்கள் கைவசம் இருக்க வேண்டும். வங்கிக் கணக்குகளுக்கு இடையே பணம் அனுப்பும் நெஃப்ட் முறை 2019 டிசம்பர் 16 முதல் ஆண்டின் எல்லா நாள்களிலும் இரவும் பகலும் இயங்குகிறது, அரை மணிக்கு ஒரு தொகுதியாகக் கணக்குத் தீர்க்கப்படுகிறது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை என்பது காரணமாகாது. பெருந்தொகைகளை அனுப்புவதற்கான ஆர்டிஜிஎஸ் முறையில் 2 லட்சம் ரூபாய்க்குக் குறைவாக அனுப்ப முடியாது. 15,000 ரூபாய் பொருளுக்கு ‘ஆர்டிஜிஎஸ் போட்டுவிட்டேன்’ என்று சொல்பவர் பொய் சொல்கிறார் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்யலாம். யுபிஐ பரிமாற்றத்துக்கு 12 இலக்கக் குறிப்பு எண்ணும், நெஃப்ட் பரிமாற்றத்துக்கு 16 எழுத்தும் எண்ணும் கலந்த குறிப்பும் உண்டு, அதைக் கேளுங்கள். ஆனால் குறிப்பு எண் சரியான வடிவில் இருப்பதாலேயே பணம் வந்துவிட்டதாகக் கொள்ளக் கூடாது. அந்த எண் உங்கள் கணக்கு விவரத்திலும் இருக்க வேண்டும்.

காசோலையை உங்கள் கணக்கில் போட்டுவிட்டு, தொகை ஏறியிருப்பதைக் காட்டுபவரும் உண்டு. காசோலை தீர்வாகும் முன்னரே கணக்கில் ஒரு தொகை தெரியக்கூடும். எடுக்கக்கூடிய இருப்பு எவ்வளவு என்பதைப் பாருங்கள், அதுவே உங்கள் பணம்.

எல்லையில் வாழும் நமக்கு ஒரு தனி எச்சரிக்கை தேவை. பாதி வழியில் சந்திக்கலாம் என்று மலைச்சாலையின் ஏதாவது ஒரு வளைவைச் சொல்வார்கள். கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடத்தில் கணக்கைச் சரிபார்க்க முடியாது. கம்பத்திலோ குமுளியிலோ பேருந்து நிலையத்துக்கு அருகில், பகல் நேரத்தில், உங்கள் செயலி திறக்கும் இடத்தில் சந்தியுங்கள். வங்கிக் கிளையின் வாசல் அதனினும் நல்லது.

அறிகுறி: ‘தவறுதலாக அதிகம் அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்கள்’

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். பணமே வராமல், 6,000 ரூபாய்க்குப் பதிலாக 60,000 ரூபாய் வந்ததாகப் போலிக் குறுஞ்செய்தி மட்டும் வந்திருக்கலாம். அப்படியானால் கணக்கைத் திறந்து பார்த்தவுடன் உண்மை தெரிந்துவிடும், நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

பணம் உண்மையிலேயே வந்திருந்தால்தான் பெரிய கவலை. அது எங்கோ வேறொருவரை ஏமாற்றிப் பறித்த பணமாக இருக்கலாம். உங்கள் கணக்கை வழியாக வைத்து அதைக் கைமாற்றப் பார்க்கிறார்கள். ஏமாந்தவர் புகார் கொடுத்ததும் பணம் போன தடத்தைக் காவல்துறை பின்தொடரும். உங்கள் கணக்கு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106-ஆம் பிரிவின்படி முடக்கப்படலாம். எந்த மாநிலக் காவல்துறை முடக்கியதோ அவர்களிடம்தான் நீங்கள் விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கும். தோட்டக்கூலி வரும் ஒரே கணக்கு அப்படி நின்றுபோனால் ஒரு குடும்பம் எவ்வளவு திண்டாடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நீங்களாகத் திருப்பி அனுப்பாதீர்கள். அவர் கொடுக்கும் வேறு எண்ணுக்கு அனுப்பவே கூடாது. தொகையைத் தொடாமல் வைத்துவிட்டு, உங்கள் வங்கிக் கிளைக்கு எழுத்து மூலம் தெரிவித்து, வந்த கணக்குக்கே திருப்பும்படி கேளுங்கள். அனுப்பியவரிடமும், ‘உங்கள் வங்கியில் புகார் கொடுங்கள், அவர்கள் வழியாகத் திரும்பிவிடும்’ என்று மட்டும் சொல்லுங்கள். உண்மையில் தவறு செய்தவர் அதை ஏற்பார். மிரட்டுபவரும் கெஞ்சுபவரும் யார் என்பது தெளிவு. பொருளையும் அதுவரை ஒப்படைக்க வேண்டாம்.

அறிகுறி: ஏலத்தில் ஒருவர் திடீரென மிக உயர்ந்த தொகை கேட்கிறார், முடியும் தறுவாயில் விலகிவிடுகிறார்

புற்றடியிலும் போடிநாயக்கனூரிலும் நடக்கும் ஏலக்காய் மின்னணு ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த அறிகுறி வியப்பாக இருக்கும். அங்கே 1987-ஆம் ஆண்டின் ஏலக்காய் உரிம, விற்பனை விதிகளின்படி, நறுமணப் பொருள்கள் வாரியத்தின் உரிமம் பெற்றவர்களே ஏலம் நடத்தவும் வாங்கவும் முடியும். கேட்டவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். பழைய பொருள்களின் இணைய ஏலத்திலோ ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் போதும், யாரும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்டுவிடலாம்.

இந்தத் தந்திரத்தில் ஒரே ஆள் இரு கணக்குகளோடு வருவார். ஒன்றில் உங்கள் பழைய கேமராவுக்கு 3,000 ரூபாய் கேட்பார். மற்றதில் 25,000 கேட்பார். அவ்வளவு உயர்ந்ததும் மற்றவர்கள் விலகிக்கொள்வார்கள். ஏலம் முடியும் நேரத்தில் உயர்ந்த விலைக் கேள்வி திரும்பப் பெறப்படும், 3,000 கேட்ட கணக்கு வென்றுவிடும். உயர்ந்த கேள்வியும் அதற்கு அடுத்ததும் எட்டாத தூரத்தில் இருந்தால், இரண்டும் அண்மையில் தொடங்கிய கணக்குகளாக இருந்தால், ஏலம் முடியும்வரை காத்திருக்காமல் தளத்துக்குப் புகார் அனுப்பி அவற்றைத் தடை செய்யுங்கள். அதற்கும் மேலாக, இவ்விலைக்குக் கீழே கொடுப்பதில்லை என்ற குறைந்தபட்ச விலையைத் தொடக்கத்திலேயே வைத்துவிட்டால் இந்தத் தந்திரம் பயனற்றுப்போகும்.

நாணயமும் அஞ்சல்தலையும் வெளிநாட்டாருக்கு விற்பவர்கள் இபே என்ற பன்னாட்டு ஏலத் தளத்தைப் பயன்படுத்துகிறார்கள். இந்தியாவுக்கென்று நடந்துவந்த இபே தளம் 2018-இல் மூடப்பட்டுவிட்டாலும், வெளிநாட்டுத் தளத்தில் இங்கிருந்து விற்கலாம். அங்கே வாங்குபவரின் நற்பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். விற்பவர்கள் வாங்குபவரைப் பற்றி எதிர்மறைக் கருத்து இட முடியாது என்று 2008-இல் விதி மாறியது; ஆகவே வாங்குபவர் எவராயினும் அவருக்கு நற்கருத்துகளே இருக்கும். மாறாக, அவர் மற்ற விற்பவர்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று வாசியுங்கள். பெட்டி காலியாக வந்தது, உடைந்து வந்தது, வரவே இல்லை என்று திரும்பத் திரும்ப எழுதுபவர், உங்களைப் பற்றியும் நாளை அதையே எழுதக்கூடும். ஏலத்தில் வென்றவர் 4 நாள்களுக்குள் பணம் செலுத்தாவிட்டால் விற்பனையை நீங்கள் ரத்து செய்யலாம். அதற்கான காரணமாகப் ‘பணம் செலுத்தவில்லை’ என்பதையே பதிவு செய்யுங்கள்.

வென்ற பின் ‘தளத்துக்கு வெளியே முடித்துக்கொள்ளலாம், கட்டணம் மிச்சம்’ என்பவருக்கு ஒரே பதில், இல்லை என்பதுதான். தளத்தை விட்டு வெளியேறினால் அதன் பாதுகாப்பும் அங்கேயே நின்றுவிடும்.

அறிகுறி: கூரியர் கட்டணம், ஏபிகே கோப்பு, டயல் செய்ய ஓர் எண்

வாங்குபவர் ஏற்பாடு செய்த கூரியருக்கு விற்பவர் முன்பணம் கட்டத் தேவையில்லை, கேட்டால் மோசடி. ‘பார்சலைப் பதிவு செய்ய இந்தச் செயலியை நிறுவுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு (கைப்பேசியில் செயலியை நேராக நிறுவும் கோப்பு) உங்கள் குறுஞ்செய்திகளையும் ஓடிபியையும் அடுத்தவருக்கு அனுப்பிவைக்கும். நட்சத்திரக் குறியோடு *21* அல்லது *401* என்று தொடங்கி, அதன் பின் ஒரு கைப்பேசி எண்ணும் சேர்ந்து நீளும் ஓர் எண்ணை டயல் செய்யச் சொன்னால், அது உங்கள் அழைப்புகளை அவருக்குத் திருப்பிவிடும் கட்டளை. தெரியாமல் செய்துவிட்டிருந்தால் ##002# என்று டயல் செய்து எல்லாத் திருப்பல்களையும் நீக்குங்கள். கோப்பை நிறுவியிருந்தால் உடனே இணையத்தைத் துண்டித்து, வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழையுங்கள்.

அறிகுறி: பொருளைப் பெற்றவர், ‘இது வேலை செய்யவில்லை’ என்று வேறொரு பழுதான பொருளைத் திருப்பி அனுப்புகிறார்

இதற்கான மருந்து அனுப்பும் முன்பே தயாராக இருக்க வேண்டும். கைப்பேசியானால் *#06# என்று டயல் செய்து, தோன்றும் ஐஎம்இஐ எண்ணை, அதாவது அந்தக் கைப்பேசிக்கே உரிய அடையாள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்; மற்றவற்றில் தொடர் எண்ணைப் படமெடுங்கள்; எண்ணே இல்லாத பொருளில் வெளியே தெரியாத ஓரிடத்தில் சிறு அடையாளம் இடுங்கள். பொருள் இயங்குவது, பெட்டியில் வைப்பது, ஒட்டுவது, முகவரிச் சீட்டு ஒட்டுவது எல்லாவற்றையும் நிறுத்தாமல் ஒரே காணொளியாக எடுங்கள். அஞ்சலகத்தில் எடை குறித்த ரசீதைத் தொலைக்காதீர்கள். காலிப் பெட்டி வந்தது என்பவருக்கு அந்த எடையே பதில். விரைவு அஞ்சலில் ஒப்படைத்ததற்கான தடம் இருக்கும். முகவரியைப் பாதி வழியில் மாற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். திரும்பி வரும் பெட்டியையும் காணொளி எடுத்துக்கொண்டே திறக்க வேண்டும்.

அறிகுறி: ‘வண்டியை எடுத்துக்கொள்கிறேன், பெயர் மாற்றத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்’

முழுப் பணமும் கையில் வந்திருக்கலாம், இருந்தாலும் இதை ஏற்கக் கூடாது. பதிவுச் சான்றிதழில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. டிஎன் 60 என்ற தேனி மாவட்டப் பதிவு எண்ணுள்ள உங்கள் பழைய ஸ்கூட்டர் மலைக்கு மேலே எதற்குப் பயன்படுகிறது என்று உங்களுக்குத் தெரியாது. கடத்தலுக்கோ விபத்துக்கோ உள்ளானால் காவலர் உங்கள் வீட்டைத்தான் தேடி வருவார். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 ஆகியவற்றில் உரிய இடங்களில் கையெழுத்திட்டு, வண்டி கேரளத்துக்குப் போவதானால் படிவம் 28-இன் வழியாக வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையின்மைச் சான்றும் பெற்ற பிறகே சாவியைக் கொடுங்கள். எழுதாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பவரிடம் விற்காதீர்கள்.

பணம் போய்விட்டது, இனி என்ன செய்வது

1930 என்ற தேசிய சைபர் மோசடி உதவி எண்ணை உடனே அழையுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் போய்விடும் முன் நிறுத்திவைப்பதுதான் அதன் வேலை என்பதால், வெட்கத்தாலோ வீட்டாருக்குப் பயந்தோ கழியும் ஒவ்வொரு மணி நேரமும் இழப்பாகும். என் அக்கா மறுநாள் காலைவரை யாரிடமும் சொல்லவில்லை. அதற்குள் அந்தத் தொகை போன இடம் தெரியவில்லை. அழைக்கும்போது உங்கள் கணக்கு எண், 12 இலக்கக் குறிப்பு எண், தொகை, நேரம், அவனுடைய யுபிஐ முகவரி ஆகியவை கையில் இருக்கட்டும். உரையாடல்களை அழிக்காதீர்கள், அறிவிப்பையும் நீக்கும் முன் படமெடுத்துவையுங்கள். பிறகு தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யுங்கள்.

வங்கிக்கும் அன்றே எழுதுங்கள். 2017 ஜூலை 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கையின்படி, வங்கியின் தவறும் உங்கள் தவறும் இல்லாமல் நடந்த திருட்டை 3 வேலை நாள்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பு இல்லை. பின் எண்ணை நீங்களே இட்டிருந்தால் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு உங்களுடையது. தெரிவித்த பிறகு நடப்பது வங்கியைச் சேரும். அதனால் தெரிவித்த நேரத்துக்கு ஒரு சான்று வாங்கிக்கொள்ள வேண்டும்.

காவல் நிலையத்தில், ‘அந்த ஆள் கேரளத்தில் இருக்கிறான், குமுளியில் போய்ச் சொல்லுங்கள்’ என்றோ, மேலே, ‘நீங்கள் தமிழ்நாட்டுக்காரர், கீழே போங்கள்’ என்றோ அனுப்பிவைக்கப் பார்த்தால் திரும்பிவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள, மேலே சொன்ன பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு, குற்றம் எந்தப் பகுதியில் நடந்திருந்தாலும் தகவலை எந்த நிலையத்திலும் கொடுக்கலாம் என்கிறது. அதை எழுதிக் கொண்டுபோய், பணிவோடும் உறுதியோடும் கேட்டு, பதிவின் நகலைக் கட்டணமின்றி வாங்கிக்கொண்டு வாருங்கள்.